சின்னத்தாயி மூச்சு விட மாட்டாள்

முதலுதவி வகுப்பில் யார் யார் சேரலாம் என்று பல்ப் கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இங்கிலீஷில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மூன்றிலும் ஒரே சங்கதிதான்: கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களில் விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். தமிழ்த் தாளை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த சின்னத்தாயி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெல்ஃபேர் ஆபீசுக்கு நேராக நடந்தாள். நோட்டீஸ் எழுதியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் 'விருப்பமுள்ளவர்கள்' என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

இது நடந்தது ஐம்பத்தேழாம் வருஷம். ஓசூர் ரோட்டுப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் சின்னத்தாயி மூன்று வருஷமாகக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தாள். அதற்கு முன்னால் அவளுடைய புருஷன் கோவிந்தன் அங்கே துப்புரவு வேலையில் இருந்தான். அவன் செத்ததால்தான் இவளுக்கு வேலை கிடைத்தது.

அவன் செத்த விதத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒரு நாள் மத்தியானம் பல்புக்கு கேஸ் அடைக்கும் ரூமில் காற்றாடியைத் துடைக்கும்போது கரண்ட் அடித்துத் தூக்கிப் போட்டது. நீலசந்திராவில் இருந்த வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்து கேட்டில் நின்றிருந்த சின்னத்தாயியை வாட்ச்மேன் உள்ளே ஓடச் சொன்னான். அவள் போனபோது கோவிந்தன் மல்லாக்கக் கிடந்தான். சுற்றி இருபது பேர் நின்றார்கள். அதில் வெள்ளைக் கைப்பட்டை கட்டிய இரண்டு சூப்பர்வைசர்கள் இருந்தார்கள். முதலுதவி படித்துப் பாஸ் பண்ணியவர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். ஒருவர் ஃபஸ்ட் எய்ட் பெட்டியின் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினார். அந்தப் பெட்டியில் பஞ்சும் டிங்சரும் தவிர ஒன்றும் கிடையாது. இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சின்னத்தாயி புருஷன் மேல் கை வைக்கக் குனிந்ததும் அவர் குறுக்கே காலை வைத்தார். தள்ளிப் போ, தெரியாதவர்கள் யாரும் தொடக் கூடாது என்றார். தெரிந்தவர்களும் தொடவில்லை. கக்கூஸ் கழுவுகிறவன் முதுகில் யார் கை வைப்பது என்பதுதான் விஷயம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் இருபத்தைந்து நிமிஷம் கழித்து வந்தார். கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கம்பெனி டிஸ்பென்சரி நர்ஸ் மௌரீனிடம் பிறகு சின்னத்தாயி கேட்டுத் தெரிந்துகொண்டாள். யாராவது ஒருத்தர் உடனே குப்புறப் போட்டு முதுகை அழுத்தி மூச்சு வரவழைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்லியிருக்கிறார். மௌரீன் சட்டைக்காரி, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்மணி; எதையும் மறைக்கத் தெரியாது. கேட்டதும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே சின்னத்தாயி முடிவு பண்ணிவிட்டாள். அந்தக் கைப்பட்டை தனக்கு வேண்டும். எதிரில் ஒருத்தன் விழுந்து கிடக்கும்போது தள்ளிப் போ என்று தன்னை இனி எவனும் சொல்லக் கூடாது. மூன்று வருஷம் காத்திருந்தவளுக்கு நோட்டீஸில் 'விருப்பமுள்ளவர்கள்' என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வெல்ஃபேர் ஆபீசில் பெயர் எழுதிக்கொண்டவள் ஜகதாம்பாள். பசவனகுடியில் வீடு, அப்பா மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, கிளார்க்காக ஐந்து வருஷம் ஓட்டியாயிற்று. இந்த சர்டிபிகேட் இருந்தால்தான் வெல்ஃபேர் அசிஸ்டெண்டாக உறுதிப்படுத்துவோம் என்று மேலே சொல்லியிருந்தார்கள். அதனால் பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரையே எழுதி வைத்திருந்தாள். கம்பெனியில் அவளுக்கு நல்லவள் என்றுதான் பெயர், அதில் பொய்யும் இல்லை. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். சின்னத்தாயிக்கு டோக்கன் கொடுத்தாலும் சரி, தீபாவளிக்குப் பழைய புடவை கொடுத்தாலும் சரி, ஒரு சாண் உயரத்திலிருந்து கைக்குள் விழுகிற மாதிரி போடுவாள். போடும்போது சிரித்த முகமாகவே இருப்பாள்.

அன்றும் சிரித்த முகமாகவே சொன்னாள்: "இதெல்லாம் படிச்சவாளுக்கு, சின்னத்தாயி. எலும்பு பேரெல்லாம் இங்கிலீஷ்ல சொல்லணும். உனக்கெதுக்கு இந்தச் சிரமம்?"

சிரமத்தை நான் பட்டுக்கொள்கிறேன் என்றாள் சின்னத்தாயி. அடுத்த தடவை பார்க்கலாம் என்றாள் ஜகதாம்பாள். பட்டியலில் பதினொரு பேர் ஆயிற்று. பவுடர் செக்ஷனில் பல்புக்கு உள்பூச்சு பூசும் டோரதி, நோரா, பவுலின், பேக்கிங்கில் ஃபாத்திமா, ஆபீஸ் பெண்கள் ஆறு பேர் என்று போயிற்று. சின்னத்தாயி பெயர் அதில் ஏறவில்லை.

முதல் புதன்கிழமை கேண்டீன் ஹாலில் பெஞ்சுகளை ஓரம் கட்டி வகுப்பு தொடங்கியது. பாடம் எடுத்தவள் மௌரீன். கட்டுப் போடுவது, ஒடிந்த கையைத் தாங்கத் தூளி கட்டுவது எல்லாம் சரியாகப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருத்திக்கு ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். செயற்கை மூச்சு என்று வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அதற்கு ஒருத்தி தரையில் குப்புறப் படுத்தாக வேண்டும். பத்து பேர் சாப்பிட்டுப் போன கேண்டீன் தரை. படுத்தால் புடவை பாழாகிவிடும், மேலே வேறு ஒருத்தி மண்டி போட்டு அழுத்துவாள். ஆபீஸ் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பவுலின் படுக்கிறேன் என்று எழுந்தாள். அவளுக்கும் கற்க வேண்டியது இருக்கிறதே என்று மௌரீன் யோசித்தாள்.

அப்போது ஜகதாம்பாளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. வாசலில் துடைப்பத்தோடு நின்றவளை உள்ளே கூப்பிட்டாள். கொஞ்சம் படுத்துக்கோயேன், சின்னத்தாயி. படுப்பதில் என்ன சிரமம் என்று கேட்டாள்.

சின்னத்தாயிக்குக் கோபம் வந்தது. ஆனால் காரியக்காரி. வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதைவிட உள்ளே படுத்துக்கொண்டு கேட்பது மேல் என்று ஒரு நொடியில் தோன்றிவிட்டது. துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து, மௌரீன் விரித்த போர்வையின் மேல் குப்புறப் படுத்தாள்.

அன்றிலிருந்து எட்டு வாரம் அவள்தான் பேஷண்ட். தண்ணீரில் முழுகினவள், புகையில் மயங்கினவள், கரண்ட் அடித்தவள் எல்லாம் அவளே. எத்தனை தடவை செத்தாள், எத்தனை தடவை பிழைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. புதன்கிழமை இரண்டு மணி நேரம் இவள் எங்கே போகிறாள் என்று துப்புரவு மேஸ்திரி சத்தம் போட்டான். ஜகதாம்பாள் எதிலும் ஒழுங்கு பார்க்கிறவள். வகுப்பு ரிஜிஸ்டரில் பதினொரு பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'பேஷண்ட்: சின்னத்தாயி' என்று எழுதி, வாராவாரம் வந்ததாக டிக் போட்டு, மேஸ்திரியிடம் காட்டி அவன் வாயை அடைத்தாள்.

பாடம் எளிதுதான். மூச்சு நின்றவனைக் குப்புறப் போடு. அவன் கைகளை மடக்கி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அதன் மேல் கன்னத்தைச் சாய்த்து வை. தலைமாட்டில் மண்டி போடு. தோள்பட்டைக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் பதித்து, முன்னால் சாய்ந்து, உன் பாரத்தை இறக்கு. உள்ளே இருக்கிற காற்று வெளியே வரும். பின்னால் சாய்ந்து அவன் முழங்கைகளைப் பிடித்துத் தூக்கு. வெளியே இருக்கிற காற்று உள்ளே போகும். நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. மூச்சு திரும்பும் வரைக்கும், இல்லை டாக்டர் வந்து போதும் என்று சொல்லும் வரைக்கும் நிறுத்தக் கூடாது. மௌரீன் இதை இங்கிலீஷில் ஒரு தடவை, தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு தடவை சொல்லுவாள். மடக்கிய கை மேல் கன்னம் அழுந்தக் கிடந்தபடி சின்னத்தாயி அத்தனையும் கேட்டாள்.

கேட்டது பாதி, முதுகு கற்றது பாதி. டோரதி கை கனம்; அவள் அழுத்தினால் விலா எலும்பு பேசும். நோராவுக்கு அவசரம், மூச்சு உள்ளே போவதற்குள் அடுத்ததை அழுத்துவாள். ஃபாத்திமா பயந்து பயந்து வைப்பாள், ஆனால் சரியான இடத்தில் வைப்பாள். பவுலின் கைதான் ரொம்பச் சரி. அவள் சாய்ந்தால் காற்று தானாக வெளியேறும், தூக்கினால் தானாக உள்ளே ஓடும். வீட்டுக்குப் போய் வேலைக்குக் கட்டின நீலப் புடவையை அலசும்போது அதில் வெள்ளை வெள்ளையாகப் பவுடர் செக்ஷன் பெண்களின் கை அச்சு இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் முக்குவாள். பிறகு பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவைப் பாயில் குப்புறப் போட்டு, பவுலின் வைத்த இடத்தில் தன் கையை வைத்து, பவுலின் சாய்ந்த மாதிரி சாய்ந்து பார்ப்பாள். நான் சாகும்போது கூப்பிடறேன், இப்ப சோறாக்க விடு என்பாள் சந்திரம்மா. ஆனாலும் படுப்பாள். கட்டுப் போட்டுப் பழக, கிழிந்த புடவையை முக்கோணமாக வெட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஜகதாம்பாள் கை எப்படி என்று முதுகுக்குத் தெரியாது. ஏனென்றால் அது முதுகைத் தொட்டதே இல்லை.

மேலே இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மண்டி போடுவாள், குனிவாள், திருத்தமாக எண்ணுவாள். இரண்டு உள்ளங்கையும் புடவை மட்டத்துக்கு ஒரு நூல் மேலே நிற்கும். தூக்க வேண்டிய நேரம் வந்தால் ரவிக்கைக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பாள். வீட்டில் மடி ஆசாரமான அம்மா; தொட்டுவிட்டு வந்தால் அதை ஒளிக்காமல் சொல்லித் தலை முழுக வேண்டியிருக்கும். அது அவள் கஷ்டம். ஆனால் சின்னத்தாயி என்ன பண்ணினாள் என்பதுதான் வெட்கக்கேடு. மேலே கை காற்றில் இறங்கும்போது இவளே மூச்சை விட்டாள். கை ஏறும்போது இவளே தன் முழங்கைகளைத் தூக்கிக் கொடுத்தாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் வாரமே வம்பு பண்ணினால் வேறு ஆளைப் படுக்க வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் தொடங்கியது, பிறகு பழக்கமாகிவிட்டது.

ஐந்தாம் வாரம் மௌரீன் வகுப்பைப் பார்த்து, எல்லாரிலும் மிஸ் ஜகதாம்பாள் கைதான் பெஸ்ட், பாருங்கள் பேஷண்ட் எவ்வளவு நன்றாக மூச்சு விடுகிறாள் என்றாள். பெண்கள் கை தட்டினார்கள். தரையில் கிடந்த சின்னத்தாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோவிந்தன் தன் முழங்கையைத் தானே தூக்கிக் கொடுத்திருப்பானா? இந்தக் கைக்கு சர்டிபிகேட் கொடுத்து, கைப்பட்டை கட்டி, நாளைக்கு எவன் தலைமாட்டிலாவது மண்டி போட வைப்பார்கள். அவன் இவளுக்காக மூச்சு விட மாட்டான். அவன் சாவான், இவள் திருத்தமாக எண்ணிக்கொண்டிருப்பாள்.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்புவார்கள்? பரீட்சை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஒன்பதாம் புதன்கிழமை பரீட்சை. வெளியிலிருந்து பரீட்சை அதிகாரியாக டாக்டர் சேஷகிரி வந்தார். வயதானவர், வேட்டியின் மேல் கோட்டு, தலையில் ஜரிகை போட்ட பேட்டாத் தலைப்பாகை. சட்டம் என்றால் சட்டம் என்று பேசுகிறவர். பட்டியலை மேஜை மேல் விரித்துவிட்டு, பேஷண்ட் யாரம்மா, படுத்துக்கோ, நாழியாறது என்றார். போர்வை விரித்துத் தயாராக இருந்தது. சின்னத்தாயி அதன் பக்கத்தில் போய் நின்றாள். படுக்கவில்லை.

"நான் படுக்க மாட்டேங்கய்யா. நானும் பரீட்சை குடுக்கணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பட்டியலில் உன் பெயர் இல்லையே என்றார். எட்டு வகுப்பில் ஆறுக்காவது வந்திருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்றும் சொன்னார்.

"எட்டுக்கு எட்டும் வந்திருக்கேன். ரிஜிஸ்டர்ல இருக்குது. ஜகதாம்மா கையெழுத்துலயே இருக்குது, பாருங்க."

ஜகதாம்பாள் வேகமாக முன்னால் வந்து, அது மேஸ்திரிக்காக எழுதினது, வகுப்பில் சேர்ந்ததாக அர்த்தம் இல்லை என்றாள். கம்பெனி அனுப்பின பெயர்கள் பதினொன்றுதான் என்றாள். டாக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். நோரா இரண்டு வகுப்புக்கு வரவில்லை; ஆபீஸ் பெண் ஒருத்தியும் இரண்டுக்கு வரவில்லை. கோட்டுக்குக் கீழே எட்டு டிக் வரிசையாக நின்றன. பெண்கள் பக்கம் திரும்பி, இவள் வந்தது வாஸ்தவமா என்று கேட்டார். மௌரீன்தான் எழுந்தாள். ஐந்தாம் வாரம் ஜகதாம்பாள் கையைப் புகழ்ந்தவளும் அவள்தான். ஆனால் கேட்டால் மறைக்கத் தெரியாது என்று முன்பே சொன்னேனே. ஒரு நாள் கூட வராமல் இருந்ததில்லை டாக்டர், எனக்கு முன்னாலேயே வந்து நிற்பாள் என்றாள்.

நோட்டீஸில் என்ன சொல்லியிருந்தது என்று டாக்டர் கேட்டார். மூன்று மாதமாக மனப்பாடமாக இருந்ததைச் சின்னத்தாயி கடகடவென்று ஒப்பித்தாள், விருப்பமுள்ளவர்கள் வரைக்கும். ஒப்பித்துவிட்டு, எனக்கு விருப்பம் உண்டு என்றாள்.

டாக்டர் பேனாவைத் திறந்து பன்னிரண்டாவதாக அவள் பெயரை எழுதினார். நல்ல மனசால் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். ரிஜிஸ்டரில் இருந்தது, எழுதினார்.

முதலில் உன்னையே கேட்கிறேன் என்று சொல்லி, கரண்ட் அடித்து ஒருவன் விழுந்து கிடக்கிறான், என்ன செய்வாய் என்று கேட்டார். வேறு எதையும் கேட்டிருக்கலாம். பாம்புக் கடி, தீக்காயம், எத்தனையோ இருந்தது. இதையே கேட்டார். சின்னத்தாயி நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"சுவிட்சை அணைக்கணும். முடியலேன்னா காஞ்ச பலகை மேல நின்னு, கம்பாலே கம்பியத் தள்ளணும். அப்புறம் குப்புறப் போட்டு முதுகுல கை வெக்கணும். பொட்டி சாவியத் தேடிக்கிட்டு ஓடக் கூடாது. அந்த ஆளு யாருன்னு பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது."

கடைசி இரண்டும் புஸ்தகத்தில் இல்லை என்றார் டாக்டர். இல்லாவிட்டால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள் இவள். பெண்களில் யாரோ சிரித்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்கள்.

செய்து காட்ட ஒரு பேஷண்ட் வேண்டும். பவுலின் முதல் நாள் போலவே எழுந்தாள். டாக்டர் கையமர்த்தினார். யார் படுப்பது என்று அவரவர் இஷ்டத்துக்கு விட முடியாது, பட்டியலில் முதல் பெயர் யாரோ அவர் படுக்க வேண்டும் என்றார். முதல் பெயர் யாருடையது என்று ஹாலில் எல்லாருக்கும் தெரியும். எழுதியவளுக்கும் தெரியும்.

ஜகதாம்பாளின் முகம் வெளுத்துப்போயிற்று. உடம்பு சரியில்லை என்று மெல்லச் சொன்னாள். அப்படியானால் பரீட்சைக்கும் உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொள்கிறேன் என்றார் டாக்டர். அந்தச் சமயம் அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஐந்து வருஷ உத்தியோகம் ஒரு பக்கம், கேண்டீன் தரை ஒரு பக்கம். கைக்குட்டையை எடுத்துப் போர்வையின் தலைமாட்டில் விரித்தாள். புடவையைச் சுற்றிச் சொருகிக்கொண்டு, உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கடைசியில் குப்புறப் படுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சின்னத்தாயி தலைமாட்டில் மண்டி போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்துக்கொள்ளக் கூடாது என்று முந்தின நாளே தீர்மானித்து வைத்திருந்தாள். விலா எலும்பு நோக ஒரு அழுத்து அழுத்துவது என்று, ஜகதாம்பாள் படுத்தபோதே தீர்மானித்திருந்தாள்; அதையும் ஒளிப்பானேன். ஆனால் உள்ளங்கை பதிந்ததும் அந்த எண்ணம் போன இடம் தெரியவில்லை. கஞ்சி போட்ட புடவைக்குக் கீழே ஒல்லி முதுகு. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் சாய்ந்தாள், பவுலின் சாய்கிற மாதிரி. ஜகதாம்பாளின் மூச்சு புஸ்ஸென்று வெளியே வந்தது. முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்; மூச்சு உள்ளே போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். கைக்கடியில் ஒரு உயிர் போய்ப் போய் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. இவ்வளவு சுலபமான ஒன்றை மூன்று வருஷத்துக்கு முன்னால் இருபது பேர் நின்று பார்த்தும் செய்யவில்லையே என்று வயிறு எரிந்தது. கண்ணில் தண்ணீர் ஊற்றியது. துடைக்கக் கை ஓய்வில்லை. எண்ணிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அழுத்தினாள்.

போதும்மா என்றார் டாக்டர். அவள் நிறுத்தவில்லை. இன்னொரு தடவை போதும் என்றார். அப்போதும் நிறுத்தாமல், தலையை மட்டும் தூக்கிக் கேட்டாள்.

"டாக்டர் வந்து சொன்னாத்தான் நிறுத்தணும்னு பாடம். இப்ப நீங்க டாக்டரா சொல்றீங்களா, பரீட்சைக்காரரா சொல்றீங்களா?"

"டாக்டராத்தான் சொல்றேன்" என்றார். அப்புறம்தான் கையை எடுத்தாள். அவர் குனிந்து பன்னிரண்டாவது பெயருக்கு நேரே பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை மௌரீன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்து, பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். சின்னத்தாயி முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இனி நான் படுக்கிறேன், மற்றவர்கள் செய்யட்டும் என்று தானாகவே போர்வையில் படுத்தாள். டோரதி வந்தாள், நோரா வந்தாள், ஃபாத்திமா, பவுலின், ஆபீஸ் பெண்கள் என்று வரிசையாக வந்து போனார்கள். புடவையைச் சரி செய்துகொள்ளப் போயிருந்த ஜகதாம்பாள் கடைசியாக வந்து தலைமாட்டில் மண்டி போட்டாள். எப்போதும் போல அவள் கைகள் ஒரு நூல் மேலே வந்து நின்றன. முதுகுக்கு அந்தக் கைகளின் சூடு தெரிந்தது, கனம் தெரியவில்லை.

சின்னத்தாயி கன்னத்தைத் திருப்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னிக்கு முழங்கைய நான் தூக்கிக் குடுக்க மாட்டேன். நீங்க கை வெக்கலேன்னா மூச்சும் விட மாட்டேன்."

ஜகதாம்பாள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கைகள் காற்றில் இறங்கின, காற்றில் ஏறின. ரவிக்கைக் கையைக் கிள்ளிப் பிடித்துப் பார்த்தாள். முழங்கை கல்லாகக் கிடந்தது. முதுகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மறுபடி எண்ணினாள். குரல் பிசிறியது. நாற்காலி கிறீச்சிட்டது, டாக்டர் எழுந்து பக்கத்தில் வந்து குனிந்தார். முதுகு அசையவே இல்லையே என்றார்.

சின்னத்தாயிக்கு நெஞ்சு எரிந்தது. காதில் குப்குப்பென்று சத்தம் கேட்டது. இதனால் என்னென்ன வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சர்டிபிகேட் வந்தாலும் வெல்ஃபேர் ஆபீஸ் வழியாகத்தான் வர வேண்டும். வேலையே போனாலும் போகலாம். கோவிந்தனுக்குப் பிறகு அந்த வேலைதான் சோறு. அவள் பாட்டுக்கு ஒரு மூச்சு விட்டு, ஒரு முழங்கை தூக்கினால் எல்லாருக்கும் நல்ல பெயர், நாலரை மணிக்கு வீட்டுக்குப் போகலாம். அவள் விடவில்லை. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அப்போதும் விடவில்லை.

முதலில் ஒரு கை இறங்கியது. விரல் நுனி, பிறகு உள்ளங்கை. ஜில்லென்று இருந்தது. அப்புறம் இன்னொன்று. எட்டு வாரம் காற்றிலேயே இருந்து பழகிய கை, எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு தடவை தடுமாறி, தோள்பட்டைக்குக் கீழே சரியான இடத்தைத் தேடிக்கொண்டது. மெல்லச் சாய்ந்தது. பாதி மூச்சு வெளியே வந்தது. மீதிப் பாதியைச் சின்னத்தாயி உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. செத்துட மாட்டேன்."